கடைசி வண்டியில் வந்தவர்களுக்கு முதல் நன்றி

அன்பு நண்பர்களே,

நம் பழைய கார் கழகத்தின் பயணம் முடிந்து வண்டிகளை வரிசையாக நிறுத்திய அன்று மாலை, நன்றி சொல்வதற்காக எழுந்து நின்றேன். நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. அன்று சொல்லாமல் விட்டதையெல்லாம் இந்த மடலில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு நாள், 412 கிலோமீட்டர். கிளம்பியவை 19 வண்டிகள், சொந்தச் சக்கரத்தில் ஓடி வந்து சேர்ந்தவையும் 19. எல்லாவற்றுக்கும் மூத்தது 1924-ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் டி. எங்கள் கூட்டத்தில் இளையது என்று செல்லமாக அழைக்கப்படும் 1956 மாடல் வண்டிக்கே எழுபது வயது நெருங்கிவிட்டது. நெடுஞ்சாலையைத் தொடாமல், மலையடிவாரச் சாலையும் கால்வாய்க்கரைச் சாலையும் மரங்கள் கூரைபோல் கவிந்த ஒற்றைத் தடமுமாகப் போய் வந்தோம். இத்தனை வயதான இயந்திரங்கள் அப்படி ஒரு வழியில் போய்த் திரும்பின என்றால், ஒவ்வொரு வளைவிலும் யாரோ ஒருவர் கை கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

முதல் நன்றி, கடைசி வண்டியில் வந்த இருவருக்கு.

கடைசி வண்டிக்கு விதி ஒன்றே ஒன்றுதான்: முன்னால் போகும் எந்த வண்டியையும் அது தாண்டிப் போகக் கூடாது. ஒருவர் நின்றால் அதுவும் நிற்க வேண்டும். அந்த பிக்கப்பின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ரேடியேட்டருக்கென்று கேன் கேனாகத் தண்ணீர், நாலைந்து அளவில் ஃபேன் பெல்ட், எஞ்சினில் பொறி உண்டாக்க உதவும் கண்டன்சர், காயில், பெட்ரோல் டியூப், இழுத்துப் போகக் கம்பி, ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை. அதோடு தனியாக ஒரு 6 வோல்ட் பேட்டரியும் இருந்தது. நம்மில் பாதி வண்டிகள் 6 வோல்ட். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்தால் பல்பும் மீட்டரும் போய்விடுமே என்று அதைத் தேடி வாங்கி, முந்தின இரவு முழுக்க சார்ஜ் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். யாரும் கேட்டுச் செய்ததில்லை.

மூன்றாம் நாள் நீர்த்தேக்கத்தின் கரையில் எல்லோரும் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டோம், நினைவிருக்கிறதா? பனி விலகி, தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரிந்த நேரம். அப்போது இவர்கள் இருவரும் ஆறு கிலோமீட்டர் பின்னால், 1948 ஷெவர்லேயின் பெட்ரோல் பம்பில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எஞ்சினோடு ஒட்டி இருக்கும் பம்ப் அது. மெதுவாக மலை ஏறும்போது சூடேறி, உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியை இழுத்துத் தள்ள அந்தப் பம்பால் முடியாது. ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. இவர்கள் நீர்த்தேக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தோம். இறங்காமலே எங்கள் பின்னால் வந்துவிட்டார்கள். அன்று எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் எதிலும் நீங்கள் இருவரும் இல்லை. நான்கு நாளும் உங்கள் கண்ணில் பட்டது எங்கள் பின்விளக்குகள்தான். அது எனக்கு உறுத்துகிறது. அடுத்த முறை முதல் வண்டியில் நீங்கள் போகிறீர்கள், பின்னால் நான் வருகிறேன். இதை எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன்.

வழி பார்த்த தம்பதிக்கு அடுத்த நன்றி. நாம் ஒரே முறை ஓட்டிய பாதையை அவர்கள் மூன்று முறை ஓட்டினார்கள். மூன்றாவது முறை தங்களுடைய பழைய வண்டியிலேயே, மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டாமல். புதிய வண்டியில் போனால் ஏற்றமே தெரியாது, பழைய வண்டிதான் உண்மையைச் சொல்லும் என்பார் அந்த அக்கா. நம் வண்டிகளின் கிலோமீட்டர் மீட்டர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்லும் என்பதால், வழிக்குறிப்பில் தூரத்தை மட்டும் நம்பாமல் பாலத்தின் வெள்ளைச் சுவர், உடைந்த மைல்கல், சாலையோரத் தண்ணீர்த் தொட்டி என்று அடையாளங்களாக எழுதியிருந்தார்கள்.

நான் போட்ட முதல் திட்டத்தை மாற்றியதும் அவர்கள்தான். நான் வரைந்த திசையில் போயிருந்தால், அந்தப் பெரிய மலையின் செங்குத்தான பக்கம் இரண்டாம் நாள் நடுப்பகலில் இறக்கமாக வந்திருக்கும். கேபிள் இழுத்துப் பிடிக்கும் டிரம் பிரேக்குகள் தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிப்பை இழக்கும். அந்த வெயிலில் அத்தனை வண்டிகளும் அதில் இறங்குவதை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. திசையைத் திருப்பி, செங்குத்துப் பக்கத்தைக் காலைக் குளிரில் ஏற்றமாகவும், சரிவான பக்கத்தை இறக்கமாகவும் ஆக்கினார்கள். அந்த இறக்கத்துக்கு முன்னால் வழிக்குறிப்பில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது: "ஏற எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குங்கள். கியரை இங்கேயே மாற்றிவிடுங்கள். இறங்கத் தொடங்கினால் விழாது." சிங்க்ரோ (கியர் சிக்காமல் விழ உதவும் அமைப்பு) இல்லாத கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கடைசி வார்த்தையின் அருமை தெரியும்.

அந்த ஏற்றத்தில்தான் மாடல் டி நின்றது. வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. மாடல் டியில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, பம்ப் கிடையாது. மேலிருந்து கீழே தானாக வழிந்துதான் பெட்ரோல் கார்புரேட்டருக்கு வர வேண்டும். டேங்கில் அளவு குறைந்திருக்கும்போது மூக்கு மேலே தூக்கிக்கொண்டால் கார்புரேட்டர் டேங்கைவிட உயரத்துக்குப் போய்விடும், பெட்ரோல் வராது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற வண்டி அது. அதை ஓட்டியவர்கள் கண்டுபிடித்த வழியும் அந்தக் காலத்திலேயே பிரபலம்: வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் ஏறுவது. ரிவர்ஸுக்கு இழுவையும் அதிகம்.

நம் மாடல் டியை ஓட்டி வந்த பெரியவர் அதைத்தான் செய்தார். 81 வயதில், கழுத்தைத் திருப்பிக்கொண்டு, ரிவர்ஸுக்கான நடு பெடலை மிதித்தபடி, ஒரு பக்கம் பள்ளம் இருக்கும் சாலையில் அங்குலம் அங்குலமாகப் பின்னோக்கி ஏறினார். பாதி தூரத்தில் மேலிருந்து ஒரு டிராக்டர் வந்தது. அந்த ஓட்டுநர் ஒரு நொடி பார்த்தார். டிராக்டரை ஓரமாக ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இறங்கி வந்தார். பெரியவரின் பார்வை படும் இடத்தில் நின்று, "வாங்க... வாங்க... கொஞ்சம் இந்தப் பக்கம் ஒடிங்க..." என்று கைகாட்டிக்கொண்டே பின்னோக்கி நடந்தார், உச்சி வரைக்கும். எதிரே வந்த இரண்டு வண்டிகளையும் நிறுத்தி வைத்தார். மேலே போய்ச் சேர்ந்ததும் பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அவர் பெயரைக் கேட்டுவைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணே, இந்த மடல் எப்படியாவது உங்கள் கண்ணில் பட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அன்று பிற்பகல் 1934 ஆஸ்டின் செவனின் பின்சக்கரம் சுற்றுவதை நிறுத்தியது. எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஆக்ஸிலையும் ஹப்பையும் பிணைக்கும் கீ இரண்டாக வெட்டிக்கொண்டு கிடந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஓர் இரும்புத் துண்டு. அது இல்லாமல் 747 சிசி எஞ்சின் எவ்வளவு முயன்றாலும் பலனில்லை.

பக்கத்து ஊரில் ஒரு லேத் பட்டறை. விடுமுறை நாள், ஷட்டர் இறக்கியிருந்தது. வீட்டைத் தேடிப் போய்க் கூப்பிட்டதும் சாவியோடு வந்துவிட்டார். இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்படி ஒரு வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்து வெகுநாளாகிறது. தேய்ந்துபோன பள்ளத்தை விரல்நுனியால் தடவினார். பிறகுதான் காலிப்பரை எடுத்தார். கீ செய்வதற்கான உருக்குப் பட்டையில் துண்டு வெட்டி வைஸில் பிடித்து, அரத்தைப் போட ஆரம்பித்தார். நாலு இழுப்பு, எடுத்துப் பொருத்திப் பார்ப்பார். பக்கவாட்டில் நீல மை பூசித் திரும்பப் பொருத்துவார். எங்கே மை அழிந்திருக்கிறதோ அந்த இடத்தில் மட்டும் இரண்டு இழுப்பு. இப்படியே முக்கால் மணி நேரம். கடைசியில் கையால் அழுத்தினால் போகாமல், சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதும் 'டக்' என்று உட்கார்ந்தது. "இது ஆடாதுங்க. நட்டை மட்டும் நாளைக்குக் காலையில ஒருமுறை இறுக்கிப் பாருங்க," என்றார்.

பணம் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். வெட்டுப்பட்ட பழைய கீயை மட்டும் தனக்குத் தர முடியுமா என்று கேட்டார். எண்பது தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் கைவைத்துச் செய்தது, பட்டறையில் வைத்துக்கொள்கிறேன் என்றார். ஆஸ்டின் அக்கா அந்த இரண்டு துண்டுகளையும் துடைத்து அவர் கையில் கொடுத்தார். மறுநாள் காலை நட்டை இறுக்கிப் பார்த்தோம் ஐயா. கால் சுற்றுதான் இறங்கியது. மீதி இரண்டு நாளும் உங்கள் கீ அசையவில்லை.

பட்டறையிலிருந்து திரும்பும்போது பெர்தா பென்ஸ் நினைவுக்கு வந்தார். 1888 ஆகஸ்டில் தன் இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் போனாரே, அவர்தான். காரில் போன முதல் நெடும்பயணம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் லிக்ரோயின் என்ற பெட்ரோல் போன்ற திரவத்தை வாங்கினார். செருப்புத் தைப்பவர் பிரேக் கட்டைக்குத் தோல் அடித்துக் கொடுத்தார். ஏற்றத்தில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். முதல் பயணத்திலேயே மருந்துக்கடைக்காரரும் செருப்புத் தைப்பவரும் கூட வந்திருக்கிறார்கள். எங்களுக்கு லேத்காரரும் டிராக்டர்காரரும் வந்தார்கள்.

மூன்றாம் நாள் பிற்பகல் நடந்ததற்கு மன்னிப்பும் நன்றியும் சேர்த்தே சொல்ல வேண்டும். வழிக்குறிப்பில் அந்த ஒரு பக்கத்தை டைப் செய்தது நான். இடது என்ற இடத்தில் வலது என்று அடித்துவிட்டேன். ஐந்து வண்டிகள் ஏழு கிலோமீட்டர் போய் ஒரு வீட்டு வாசலில் முடிந்த சந்தில் மாட்டிக்கொண்டன. அந்த வீட்டுக்காரர்கள் காயப்போட்டிருந்த தானியத்தை அள்ளி ஓரம்கட்டி, ஒவ்வொரு வண்டியாகத் திருப்ப முற்றத்தை விட்டுக்கொடுத்தார்கள். தானியத்தைத் திரும்பப் பரப்ப நம்மவர்கள் உதவினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த ஐந்து வண்டிக்காரர்களும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கும் நன்றி.

மழையில் மாட்டுக்கொட்டகையைத் திறந்துவிட்டவருக்கு, மேல்மூடி இல்லாத இரண்டு வண்டிகளின் சார்பில் நன்றி. கடைசி நாள் காலை 1930 ஃபோர்டு மாடல் ஏ இருமி இருமி அணைந்தபோது, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்து அனுப்பும் டெல்கோவின் மூடியைத் திறந்து, பாயிண்டில் நீலப்பொறி தெறிப்பதைப் பார்த்ததுமே "கண்டன்சர்தான்" என்று சொல்லி, பத்து நிமிடத்தில் மாற்றிக்கொடுத்த தங்கைக்கு நன்றி. அவளுக்கு வயது 19, இது அவளுடைய முதல் பயணம். எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்ப ஹேண்டில் போடும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வை, சுற்றிப் பிடிக்காதே, எஞ்சின் திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும் என்று பெரியவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்தேன். ஸ்பார்க்கைப் பின்னால் தள்ளி, அதாவது பொறி கொஞ்சம் தாமதமாக விழும்படி வைத்துவிட்டு, கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. மூன்றாவது முறை எஞ்சின் பிடித்துக்கொண்டதும் அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பெரியவரும் பார்த்தார். இந்தக் கழகம் எனக்குப் பிறகும் இருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றியது.

வீட்டில் போன் பக்கத்திலேயே நான்கு நாளும் உட்கார்ந்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்று கணக்கு வைத்துக்கொண்ட நம் குடும்பத்தினருக்கும், குறுகிய சாலைகளில் எங்கள் பின்னால் ஹாரன் அடிக்காமல் பொறுமையாக வந்த முகம் தெரியாத ஓட்டுநர்களுக்கும் என் வணக்கம்.

ஒரு சின்ன விஷயம். சில பொருட்கள் என் வண்டி டிக்கியில் தங்கிவிட்டன: கால் அங்குல விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவு) ஸ்பேனர் ஒன்று, இடது கை உறை ஒன்று, நீல மூடி போட்ட பிளாஸ்க், டயர் பிரஷர் பார்க்கும் பித்தளை மீட்டர். ஸ்பேனரின் பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது. உரியவர்கள் சொன்னால் நானே கொண்டுவந்து தருகிறேன். பழைய வண்டியிலேயே வருவேன், கொஞ்சம் நேரமாகும்.

அன்புடனும் நன்றியுடனும்,
பயண ஒருங்கிணைப்பாளர்