பூங்காவுக்கு வருகிறவர்கள் கடைவீதிக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

குன்னூர் கீழ்க்கடைவீதியில் மொறுமொறுப்பான வர்க்கி பிஸ்கட் விற்கும் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு 2023-ல் கிடைத்தபோது அவர் இல்லையே என்று அழுதேன்.

மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி நடக்கும்போது ஊரே வண்டிகளால் திணறும். ஆனால் வேன்கள் பயணிகளைப் பூங்கா வாசலில் இறக்கி, அங்கேயே ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போய்விடுகின்றன. அதே ஊரில் இருக்கும் எங்கள் கடைவீதியை அவர்கள் பார்ப்பதே இல்லை. மலை ரயிலில் வருகிறவர்களும் இஞ்சின் மாற்றும் நேரத்தில் டீ குடித்துவிட்டு ஏறிவிடுவார்கள். பக்கத்துத் தையல்கடைக்காரர் போன வருடம் கடையைக் காலிசெய்துவிட்டார்.

ரயில் நிலையத்திலிருந்து கடைவீதி வழியாகப் பூங்காவரை நல்ல நடைபாதை வேண்டும். ஏற்றம் என்பதால் நடுவில் உட்காரத் திண்ணைகளும், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும் அவசியம். கழிப்பறை இல்லாத கடைவீதியில் குடும்பத்தோடு யார் நிற்பார்கள்?

அதற்காகப் பூங்காவுக்குள் சிமென்ட் கட்டடம் வேண்டாம். 1874-ல் மலைச்சரிவை வெட்டாமல் அதன் போக்கிலேயே அமைத்த தோட்டம் அது. அங்கே ருத்ராட்ச மரத்தடியில் என் பேத்தி காய் பொறுக்குவாள். மரங்களுக்குத் தமிழில் பெயர்ப்பலகை வைத்தால் அவளே படித்துக்கொள்வாள். அடுத்த கண்காட்சிக்குள் நடைபாதை வேலையையாவது தொடங்கவேண்டும்.

வர்க்கிக் கடைக்காரர், குன்னூர்