பல் மருத்துவ ஆசிரியர்களுக்கு: பேசவும் கற்றுக்கொடுங்கள்

பல் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பல் எடுக்கவும் அடைக்கவும் வேர் சிகிச்சை செய்யவும் எனக்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதை மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. எத்தனை பல் எடுத்தோம், எத்தனை அடைத்தோம் என்று பதிவேட்டில் கணக்கு உண்டு. பேச்சுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

மாணவனாக இருந்தபோது நான் எடுத்த முதல் கடைவாய்ப்பல் இன்னும் நினைவில் இருக்கிறது. ஊசி போட்டு, உதடு மரத்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் ஆரம்பித்தேன். பல்லை நெம்பும் கருவியான எலிவேட்டரை வைத்து அழுத்தியதும் அந்த அம்மா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். விரல் முட்டிகள் வெளுத்துப்போயின. பயந்துபோய் இன்னொரு ஊசி போட்டேன். பிறகு கேட்டால், வலிக்கவே இல்லையாம். மரப்பு ஊசி வலியைத்தான் தடுக்கும். அழுத்துவது தெரியும், பல் அசைவது தெரியும், 'மடக்' என்ற சத்தம் காதுக்குள்ளேயே கேட்கும். இதை முதலிலேயே சொல்ல அரை நிமிடம் போதும். நான் சொல்லவில்லை.

வாயைத் திறந்து வைத்திருப்பவரால் பேச முடியாது. நம் முகத்திலும் பாதியை முகக்கவசம் மூடிவிடுகிறது. அதனால் பேச வேண்டியதையெல்லாம் முன்னாலேயே பேசிவிட வேண்டும். "வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுகிறேன்" என்று சொன்னால் மட்டும் போதாது, கை உயர்ந்ததும் நிறுத்தவும் வேண்டும். "இதோ முடிஞ்சிடுச்சு" என்று ஒருமுறை தொடர்ந்துவிட்டால் அப்புறம் அவர் நம்மை நம்ப மாட்டார்.

செய்யப்போவதை முதலில் சொல்லி, கருவியைக் காட்டி, பிறகு செய்வதுதான் 'சொல், காட்டு, செய்' முறை. குழந்தைகளுக்காக அதைப் பல் மருத்துவர் அடெல்ஸ்டன் எழுதியது 1959-இல். மாணவர்கள் அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். சிகிச்சை நாற்காலிக்குப் பக்கத்தில் அதைச் செய்கிறார்களா என்று யார் பார்க்கிறோம்? பல் சிகிச்சை பற்றிய பயத்தை அளக்க உளவியலாளர் கோரா 1969-இல் தந்த கேள்விகள் நான்கே நான்கு. 1995-இல் ஊசியைப் பற்றி ஐந்தாவதாக ஒன்று சேர்ந்தது. காத்திருக்கும் நேரத்திலேயே கேட்டுவிடலாம்.

இதற்கென்று தனியாக ஒரு விரிவுரை வைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. நோயாளியாக நடிக்க ஒருவரை உட்காரவைத்துப் பழக்குங்கள், செய்முறைத் தேர்வில் பேச்சுக்கும் மதிப்பெண் வையுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன்: நோயாளியின் முன்னால் மாணவரைத் திட்டாதீர்கள். படுத்திருப்பவருக்கு அதைவிடப் பயம் தருவது வேறில்லை. அதோடு, அந்தத் தொனியைத்தான் மாணவர் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்.

அடுத்த முறை மாணவர் வேலையைத் தொடங்கும் முன் இரண்டு நிமிடம் பின்னால் நின்று கேளுங்கள். பல்லைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். அவர் பேசி முடித்ததும், என்ன புரிந்தது என்று நோயாளியிடமே கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு பழைய மாணவன்