பையனுக்காக ஓடியவர்களுக்கு நன்றி

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துச் சனங்களுக்கு வணக்கம். பிறந்ததுமே குடல் நோயில் விழுந்த எங்கள் பையன் இப்போது நன்றாக இருக்கிறான்.

முதல் நன்றி கிளினிக் டேசா என்கிற கிராமத்துக் கிளினிக்கின் நர்ஸ் மிஸ்ஸிக்கு. பிள்ளை பார்க்க வந்த எல்லாரும் யார் சாடை என்று பேசிக்கொண்டிருக்க, இவர்தான் பம்பர்ஸைப் பிரித்துப் பார்த்து, "கறுப்பாகப் போனானா?" என்று கேட்டார். பிள்ளையின் முதல் மலம் கறுப்பாக இருக்கும், அது பிறந்த 48 மணி நேரத்துக்குள் போயிருக்க வேண்டுமாம். போகவில்லை, வயிறு உறுமிமேளம் மாதிரி இறுகி, வாந்தியும் பச்சையாக வந்தது. அதற்கு முன்பு காட்டிய இடத்தில் வாய்வு என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள், சரி, அதை விடுங்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கார் எடுத்த மண்டோர் அண்ணனையும், பம்பர்ஸைக் கணக்கில் எழுதிக்கொண்ட கடைத் தவுக்கேயையும் மறக்க மாட்டோம்.

ஈப்போ பெரியாஸ்பத்திரியில் ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் என்றார்கள். குடலின் கடைசிப் பகுதியில் அதை அசைக்கும் நரம்பு செல்களே இல்லை. சுமார் 5000 பிள்ளைகளில் ஒன்றுக்கு வரும், ஆண்பிள்ளைகளுக்குத்தான் அதிகம். அந்தத் துண்டை எடுத்துவிட்டு நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைத்த டாக்டர்களுக்கு நன்றி. ஆபரேஷன் வரைக்கும் மெல்லிய குழாயில் உப்புநீர் விட்டுக் குடலைக் கழுவ வேண்டியிருந்தது. கை நடுங்கிய என் மனைவியிடம், "நுனியில் ஜெல் தடவு, அழுத்தாதே, அழுகை நிற்கட்டும்" என்று பக்கத்திலேயே நின்ற வார்டு மிஸ்ஸிக்கும்தான்.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தவர் மரபணு ஆலோசகர். மாசமாக இருந்தபோது அன்னாசி தின்றாள், கிரகணத்தில் வெளியே போனாள் என்று மனைவியைச் சொந்தக்காரர்கள் குடைந்த குடைச்சல் கொஞ்சமா? பத்தாவது குரோமோசோமில் ரெட் என்று ஒரு மரபணு, அது நரம்பு செல்களின் மேல் உட்கார்ந்து செய்தி வாங்கும் ஏற்பியைச் செய்கிறது. வெளியிலிருந்து ஒரு புரதம் வந்து அதைத் தூண்டினால்தான் 'பெருகு, நகர்ந்து போ' என்ற செய்தி உள்ளே போகும், அப்படித்தான் கருவில் அந்த செல்கள் குடல் நெடுகப் பரவுகின்றன என்று படம் போட்டுக் காட்டினார். இவனுக்கு அந்த மரபணுவில் ஒரு மாற்றம், அதனால் செய்தி பலவீனம், செல்கள் கடைசி வரை போகவில்லை. அந்த மாற்றம் வந்தது என்னிடமிருந்து. எனக்கு ஒன்றுமில்லை, சுமப்பவர் எல்லாருக்கும் நோய் வராதாம். வீட்டில் நானே இதைச் சொன்னேன், அத்தையின் வாய் அன்றோடு மூடிக்கொண்டது.

ரெட்டுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பே 1994-இல்தான் தெரிந்ததாம். அதற்கு முன் எத்தனை தாய்மார்கள் அன்னாசிப் பழியைச் சுமந்தார்களோ. இதே ரெட் ஓயாமல் செய்தி அனுப்பினால் ஒருவகைத் தைராய்டு புற்றுநோய் வருமாம், சில மாற்றங்களில் இரண்டுமே வரலாம் என்று அதையும் பார்த்து, எங்களுடையது அந்த ரகமில்லை என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த மாதம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பையனுக்கு முடி இறக்குகிறோம். மிஸ்ஸி, நீங்கள் டூட்டி மாற்றிக்கொண்டாவது வரவேண்டும்.