‘நெட்டில் பார்க்காதே’ என்று சொன்னால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புற்றுநோய் என்று தெரிந்தவுடன் வீட்டில் பிறக்கும் முதல் உத்தரவு, “கண்டதையும் நெட்டில் தேடிப் பார்த்துக்கொண்டிருக்காதே” என்பதுதான். நானும் என் தங்கையிடம் அதைத்தான் சொன்னேன். அவளுக்கு அப்போது 22 வயது, வந்திருந்தது ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். சரி என்று தலையாட்டினாள். அன்று ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன், அவள் போர்வைக்குள்ளே செல்போன் வெளிச்சம் தெரிந்தது. ஐந்து வருடம் கழித்து எத்தனை சதவீதம் பேர் உயிரோடு இருப்பார்கள் என்று சொல்லும் ஒரு அட்டவணை. எந்த வயதுக்காரர்களுடைய கணக்கு, எந்தக் காலத்துக் கணக்கு என்று எதையும் பார்க்காமல் ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

ஐந்து வருடக் கணக்கு என்றாலே அது குறைந்தது ஐந்து வருடத்துக்கு முன்னால் நோய் கண்டறியப்பட்டவர்களின் கணக்குதான், அதற்கப்புறம் வந்த மருந்துகளின் பலன் அதில் ஏறியிருக்காது. அவள் பார்த்த அட்டவணையிலோ எழுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் ஒன்றாகக் கலந்திருந்தார்கள். இளம் வயதில் வரும் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா பெரும்பாலும் குணமாகிவிடக்கூடிய நோய். இதைச் சொல்லப் பக்கத்தில் ஒருவரும் இல்லை, ஏனென்றால் பார்க்கவே கூடாது என்று நாங்கள் தடை போட்டிருந்தோம், தடை போட்டதால் அவள் தனியாகப் பார்த்தாள்.

இது இணையத்தோடு வந்த பழக்கமும் இல்லை. விஞ்ஞானி ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் வந்தபோது, என்ன படிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டார். படிக்கும்படி பெரிதாக ஒன்றும் இல்லை என்று மழுப்பலாகப் பதில் வந்தது. அவர் நேராக நூலகத்துக்குப் போனார். பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள் என்று அங்கே இருந்தது. அப்படியானால் மீதிப் பாதி என்ன ஆனார்கள் என்று யோசித்தார், அவர்களில் ஒருவராக 2002 வரை வாழ்ந்தார். அவருக்குப் புள்ளிவிவரம் படிக்கத் தெரியும். இருபது வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லித் தருவது?

இளம் நோயாளிகள் இணையத்தில் மருந்துப் பெயரை மட்டும் தேடுவதாகப் பெரியவர்கள் நினைக்கிறோம். என் தங்கை தேடியவற்றை அவளே பின்னால் காட்டினாள். காதலிப்பவனிடம் எப்போது சொல்வது, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த ஒரு வருட இடைவெளிக்கு என்ன காரணம் எழுதுவது, எனக்குக் குழந்தை பிறக்குமா? அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க டாக்டரிடம் இதையெல்லாம் எந்தப் பெண் கேட்பாள்? 15 முதல் 39 வயது வரையிலானவர்களைப் புற்றுநோய் மருத்துவத்தில் தனிப் பிரிவாகவே வைத்துப் பேசுகிறார்கள். ஆனால் வார்டில் பார்த்தால் ஒரு பக்கம் சுவரில் பொம்மை வரைந்த குழந்தைகள் பிரிவு, இன்னொரு பக்கம் தாத்தா பாட்டிகள். அவள் வயதில் ஒருவரை அவள் முதலில் பார்த்ததே செல்போனில்தான்.

அப்படி அறிமுகமான, முகம் தெரியாத ஒரு பெண்தான் கீமோ தொடங்குவதற்கு முன்னால், “கருமுட்டையைச் சேமித்து வைப்பது பற்றி உங்களிடம் பேசினார்களா?” என்று கேட்டாள். யாரும் பேசவில்லை. சில கீமோ மருந்துகள் குழந்தைப்பேற்றைப் பாதிக்கலாம், கருமுட்டை எடுக்க ஏறக்குறைய இரண்டு வாரம் தேவைப்படும், ஆண்களுக்கு விந்தணு சேமிக்க ஓரிரு நாள் போதும், எதுவானாலும் சிகிச்சைக்கு முன்னால் செய்வதே நல்லது என்பதெல்லாம் எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் தங்கையே டாக்டரிடம் கேட்டாள். “ஓ, அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, செய்யலாம்” என்றார். கேட்காமல் இருந்திருந்தால்? இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கீமோ நடக்கும்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்று அவளை ஒரு ராத்திரி விரட்டியதும் அந்தப் பெண்தான்.

விஷமும் அங்கே நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. சமூக வலைத்தளங்களில் அதிகம் பரவிய 200 புற்றுநோய்க் கட்டுரைகளை அமெரிக்க ஆய்வாளர்கள் அலசி 2021இல் வெளியிட்டார்கள். அவற்றில் 32.5 சதவீதத்தில் தவறான தகவல், அவைதான் சரியானவற்றைவிட அதிகமாகப் பகிரவும் விரும்பவும் பட்டிருந்தன. கீமோ வேண்டாம், இந்தச் சாறு போதும் என்று என் தங்கைக்கும் தினம் ஒருவர் அனுப்புவார், அதில் பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு நோய் திரும்பி வந்தது. ஒரு நாள் என் தங்கை அனுப்பிய செய்திக்கு ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. அடுத்த நாளும் அதே ஒற்றை டிக். பத்து நாள் கழித்துத்தான் செய்தி தெரிந்தது. தங்கை சாப்பிடாமல் படுத்துக் கிடந்தபோது வீட்டில், “நேரில் பார்க்காத ஒருத்திக்காக ஏன் இப்படி?” என்று கேட்டார்கள். அந்த வருடம் முழுக்க அவளோடு ராத்திரி விழித்திருந்தது அந்த ஒருத்திதானே.

எங்களுக்குக் கிடைத்த நல்ல உதவி ஒரு நர்ஸ். மருந்து ஏற்றும்போது, “நேற்று ராத்திரி என்ன படிச்சே? காட்டு” என்று சாதாரணமாகக் கேட்டார். தங்கை செல்போனில் குறித்து வைத்திருந்த பதினோரு கேள்விகளை நீட்டினாள். இது சரி, இது பழைய கணக்கு, இது பொய், இதை டாக்டரிடம் கேள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். மருந்து முழுவதும் இறங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் மருத்துவர்களிடமும் பெற்றோரிடமும் நான் கேட்பது அந்த ஒரு கேள்வியைத்தான். பிள்ளையிடம் அதைத் திட்டாமல் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் சொல்லி முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்