பல் மருத்துவர்களையும் கொஞ்சம் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவர்களின் மன உளைச்சல் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் பல் மருத்துவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 19 ஆண்டுகளாகப் பல் மருத்துவமனை நடத்திவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் வேலை, விழித்திருக்கும் மனிதரின் வாய்க்குள் நடப்பது. பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றச் செய்யும் வேர் சிகிச்சையில் (ரூட் கேனால்), ஃபைல் என்னும் மயிரிழை போன்ற கம்பிக் கருவியைப் பல்லின் வேருக்குள் இறக்கித் திருப்புவோம். நோயாளி நாற்காலியின் கைப்பிடியை விரல் வெளுக்கப் பற்றியிருப்பார். நாக்கு அசையும், எச்சில் ஊறும். கழுத்தைச் சாய்த்தபடியே முக்கால் மணி நேரம் போகும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நேரம் அந்த ஃபைல் உள்ளேயே முறிந்துவிடும். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வெளியே காத்திருக்கும் அடுத்தவரைச் சிரித்த முகத்தோடு அழைக்க வேண்டும். அன்றிரவு தூக்கம் வராது.

இதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பணப் பேச்சைத்தான் தாங்க முடிவதில்லை. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் சாதாரணப் பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. அதனால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருபவரிடம் கட்டணத்தை நானே சொல்ல வேண்டியிருக்கிறது. போன மாதம் ஓர் அம்மா, தோடு அடகில் இருக்கிறது என்று சொல்லி, "பிடுங்கியே விடுங்கள் டாக்டர்" என்றார். வேர் சிகிச்சையைப் பாதிக் கட்டணத்துக்குச் செய்கிறேன் என்றேன். கடன்பட மனமில்லை என்று மறுத்துவிட்டார். காப்பாற்றியிருக்கக்கூடிய கடைவாய்ப்பல் அது. பிடுங்கினேன். நாற்காலிக்கும் எக்ஸ்ரே கருவிக்கும் வாங்கிய வங்கிக் கடனின் தவணை எனக்கும் இருக்கிறது, எல்லோருக்கும் இப்படிக் குறைக்க முடியாது. இந்த இழுபறி தினமும் நடக்கிறது.

இளையவர்கள் பாடு இன்னும் மோசம். பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்து ஆண்டு பி.டி.எஸ். என்னும் பல் மருத்துவப் பட்டப்படிப்பை முடித்து என்னிடம் வேலை கேட்டு வருபவர்கள், வேறு இடங்களில் வாங்கிய சம்பளத்தைச் சொல்லக் கூசுகிறார்கள். கொத்தனார் கூலிகூட அதைவிட அதிகம். தனியாகக் கிளினிக் வைக்கலாம் என்றால் தெருவுக்கு இரண்டு பலகை தொங்குகிறது. கிராமத்தில் பல்வலியோடு இருப்பவருக்கோ பக்கத்தில் யாரும் இல்லை.

பல் மருத்துவர் பணியிடமே இல்லாத ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதை அரசு உருவாக்க வேண்டும். வேர் சிகிச்சையைக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். பழைய 1948 பல் மருத்துவர்கள் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. பல் மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்துவதற்கான அந்த ஆணையம், பல்லைப் பற்றிச் சொல்லித்தருவது போலவே, பயந்த நோயாளியையும் களைத்த மனதையும் கையாளும் விதத்தையும் மாணவர்களுக்குச் சொல்லித்தர ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்,
கும்பகோணம்