ஸ்டூலுக்கு ஒரு சட்டை

மக்களே,

நீ அனுப்பின ஸ்டூல் படத்தை அப்பாவும் பார்த்தார். மரம் நல்ல மரம்தான், மேலே இருக்கிற கீறலைப் பார்த்துத்தான் உன் ஹவுஸ் ஓனரம்மா சும்மா தூக்கிக் கொடுத்திருப்பாள் என்கிறார். உறை பின்னி அனுப்பச் சொல்லாமல் எப்படிப் பின்னுவது என்று கேட்டிருக்கிறாயே, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்குவாய், அதனால் எழுதுகிறேன். குரோஷா ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

புதுசாக நூல் வாங்கப் போகாதே. கடைக்குப் போனால் ஜன்னல் ஸ்கிரீனுக்கு மேட்சாக கலர் தேடுவாய், மூன்று கண்டு வாங்குவாய், பாதி மிச்சமாகி ஏற்கெனவே கட்டிலுக்கடியில் இருக்கிற பையில் போய்ச் சேரும். அந்தப் பையே போதும். நடுத்தர கனமுள்ள நூலும் 4 மில்லிமீட்டர் ஊசியும் வைத்துப் போட்டால் உன் ஸ்டூலுக்கு 50, 60 கிராம் இருந்தாலே முடிந்துவிடும். மெலிசு நூல் இருந்தால் இரண்டு இழையைச் சேர்த்துப் பிடி, இரண்டு வேறு கலராக இருந்தால் இன்னும் நல்லது, பொடி கலந்த மாதிரி ஒரு நிறம் வரும், கடையில் கிடைக்காது.

ஆனால் பையில் இருப்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவும் கூடாது. கடையில் உல்லன் நூல் என்று கொடுப்பதில் பெரும்பாலானது கம்பளியே கிடையாது, அக்ரிலிக். உன் பெரியம்மா சிம்லாவிலிருந்து கொண்டு வந்தாளே சாம்பல் நிறம், அது நிஜக் கம்பளி. இரண்டையும் ஒரே உறையில் போட்டு மெஷினில் சுடுதண்ணீரில் துவைத்தால் கம்பளி சுருங்கித் தடித்துப்போகும், அக்ரிலிக் அப்படியே நிற்கும், உறை கோணிக்கொள்ளும். எது எது என்று தெரியாவிட்டால் ஒரு சின்னத் துண்டை இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பார். முடி கருகின நாற்றம் வந்து, தானே அணைந்து, சாம்பல் பொடிந்தால் கம்பளி. உருகி, ஆறினதும் கெட்டியான மணியாகிவிட்டால் அக்ரிலிக், உருகும்போது விரலில் படாமல் பார்த்துக்கொள். காகிதம் எரிகிற வாசனை என்றால் பருத்தி. சிவப்பு, கருநீலம் இரண்டையும் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தியும் பார்த்துவிடு, சாயம் போகிற நூல் ஒன்று இருந்தால் போதும், வெள்ளைச் சுற்றெல்லாம் ரோஸாகிவிடும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். மிச்ச நூலில் வேலை செய்யும்போது எந்த கலர் எங்கே என்பதை உன் ஆசை முடிவு செய்யாது, அளவுதான் முடிவு செய்யும். வட்டத்தில் ஒவ்வொரு சுற்றும் முந்தினதைவிட நீளம். 12 சுற்று வட்டம் என்று வைத்துக்கொள், முதல் 6 சுற்றுக்கு ஆகிற நூல் மொத்தத்தில் கால்வாசியைக் கொஞ்சம்தான் தாண்டும், மற்றதெல்லாம் வெளியே இருக்கிற 6 சுற்றுக்குப் போய்விடும். கடைசிச் சுற்று ஒன்று மட்டுமே முதல் நாலு சுற்றையும் சேர்த்ததைவிட அதிகமாகத் தின்னும். அதனால் எலுமிச்சம்பழ அளவு உருண்டைகளெல்லாம் நடுவுக்கு, பெரிய கண்டெல்லாம் ஓரத்துக்கும் பக்கச்சுவருக்கும். சமையலறைத் தராசு இருக்கிறதல்லவா, ஒரு சுற்றுக்கு முன்னும் பின்னும் கண்டை நிறுத்துப் பார். ஐந்தாவது சுற்றுக்கு 2 கிராம் ஆனால் பத்தாவதுக்கு 4 கிராம் ஆகும், கணக்கு சரியாக வரும். பாதிச் சுற்றில் நூல் தீர்ந்து, பிரித்து, மறுபடி சுற்றுகிற எரிச்சல் மிச்சம்.

கலர் கன்னாபின்னாவென்று இருக்குமே என்று பயப்படாதே. எது அதிகம் இருக்கிறதோ அதை, உன்னிடம் அநேகமாக அரைவெள்ளைதான், இரண்டு கலருக்கு நடுவில் ஒரு சுற்று போட்டுக்கொண்டே போ. பச்சையும் ஆரஞ்சும்கூட சண்டை போடாமல் உட்கார்ந்துவிடும்.

சரி, வட்டம். நூலை விரலில் சுற்றி வளையம் போடு, சங்கிலி மாதிரி மூன்று செயின் ஏற்று, அதையும் ஒன்றாக எண்ணி வளையத்துக்குள் மொத்தம் 12 டபுள். நான் டபுள் என்பது ஊசியில் ஒருமுறை நூலைச் சுற்றிவிட்டுப் போடுகிற உயரமான பின்னல், அமெரிக்கக்காரர்கள் வீடியோவில் சொல்வதும் அதுதான், இங்கிலாந்துப் புத்தகமாக இருந்தால் அதையே ட்ரெபிள் என்று போட்டிருப்பான். இரண்டாவது சுற்றில் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு, 24. மூன்றாவதில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு, விட்டதில் ஒற்றை, 36. அப்புறம் இரண்டு விட்டு, மூன்று விட்டு என்று போகும், எப்படியும் சுற்றுக்கு 12 கூடும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் எண்ணிவிடு, நாலு சுற்று தாண்டிக் கண்டுபிடித்தால் உனக்குத்தான் கஷ்டம். கூட்டுகிற இடம் ஒன்றின் தலைமேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தால் வட்டத்துக்கு மூலை முளைக்கும், அதனால் சுற்றுக்குச் சுற்று இடத்தைத் தள்ளிப் போடு.

தரையில் விரித்துப் பார்த்தால் அதுவே சொல்லிவிடும். ஓரம் கிண்ணம் மாதிரி மேலே எழும்பினால் கூட்டினது போதவில்லை. ஓரம் நெளிந்து நெளிந்து நின்றால் கூட்டினது அதிகம், அடுத்த சுற்றில் கூட்டாமல் போடு. எல்லார் கைக்கும் ஒரே கணக்கு ஒத்துவராது, உன் கை கொஞ்சம் இறுக்கம்.

ஸ்டூல் மேற்பாகம் குறுக்கே 30 சென்டிமீட்டர் இருந்தால் வட்டம் 29 வந்ததும் நிறுத்து. நூல் உட்கார உட்கார இளகும், சரியான அளவில் போட்டால் ஒரு மாதத்தில் தொளதொளவென்று நழுவும், உட்காருகிறவர் சறுக்குவார். நிறுத்தினதும் ஒரு சுற்று, பின்னலின் தலையில் இருக்கிற இரண்டு இழையில் பின்பக்க இழையில் மட்டும் ஊசியைக் குத்திப் போடு, அங்கே மடிப்பு விழுந்து விளிம்பு அழகாக நிற்கும். அதிலிருந்து கூட்டாமல் மூன்று நாலு சுற்று கீழே இறக்கு. கடைசிச் சுற்றில் ஆறு ஏழுக்கு ஒன்றைக் குறைத்து, உள்ளே எலாஸ்டிக்கோ நீளமாகப் பின்னின செயின் கயிறோ கோத்து, இருக்கைக்கு அடியில் இழுத்துக் கட்டிவிடு. யூடியூபில் எல்லாரும் ஓரத்தில் சிப்பிப் பூவும் குஞ்சமும் வைக்கிறார்கள், வைக்காதே, ஸ்டூலை இழுக்கும்போதெல்லாம் கட்டைவிரல் மாட்டும்.

கலர் மாற்றுகிற இடத்தில் முடிச்சுப் போட்டு நறுக்கிவிடாதே. முடிச்சு ஒருநாள் அவிழும், அவிழாவிட்டால் உட்காரும்போது குத்தும். 15 சென்டிமீட்டர் வால் விட்டு, மொண்ணை ஊசியில் கோத்து, ஒரு பக்கம் ஓட்டி, திரும்பி எதிர்ப்பக்கம் ஓட்டு. இந்த வேலை யாருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது, பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்.

நம் ஊர்க்காரி உனக்கு இது கை வராமல் போகாது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார்தான் இங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தது. அவர் மகள் எலிசா 1844-இல் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடி போய், அங்கேயும் லேஸ் வேலையை ஆரம்பித்துவைத்தார். அது நம் ஒற்றை ஊசி வேலை இல்லை, தலையணைமேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றின சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அன்றைக்குத் திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படியே இருந்தது, 1855-இல்தான் ஒழித்தார்கள், அதற்கு முன்பே லேஸ் விற்ற காசில் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். யாரோ ஒரு துரைசானியின் மேசைக்கு விரிப்பு பின்னின அந்தப் பிள்ளைகள் வீட்டில் விரிக்க மேசை இருந்திருக்குமா என்று நான் நினைப்பதுண்டு.

நம் வீட்டு நாற்காலி முதுகில் பாட்டி போட்டிருந்த வெள்ளைத் துணியை நீயும் தம்பியும் பாட்டுக்காரி பாவாடை என்று கேலி செய்வீர்களே, அது வெறும் அலங்காரம் இல்லை, தாத்தா தலையில் வழிகிற தேங்காயெண்ணெய்க்காகப் போட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் ஆண்கள் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு சாய்ந்து சாய்ந்துதான் அங்கேயும் நாற்காலிக்கு இந்தத் துணி வந்திருக்கிறது. துணியைத் துவைக்கலாம், நாற்காலியைத் துவைக்க முடியாது, அவ்வளவுதான் காரணம்.

அந்தக் காரணம் இல்லாத இடத்தில் உறை வேண்டாம் என்பது என் கட்சி. கை பழகினதும் எல்லாவற்றுக்கும் சட்டை போடத் தோன்றும், டிவிக்கு, மிக்சிக்கு, வைஃபை பெட்டிக்கு. சூடாகிற எதற்கும் போடாதே, காற்றுத் துளை அடைபடும். பழைய பெட்டி டிவிக்குக்கூட அணைத்து ஆறின பிறகுதான் உறை போடுவோம். அதேபோல ஸ்டூல்மேல் அடுப்பிலிருந்து இறக்கின குக்கரை வைத்துவிடாதே, அக்ரிலிக் உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதைச் சுரண்டுவது பெரும்பாடு. டீப்பாய்க்கு வேண்டுமானால் பருத்தி நூலில் தனியாக ஒன்று பின்னு.

துவைக்கும்போது பிழிந்து கொடியில் தொங்கவிடாதே, நீண்டுபோகும். துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்துவிட்டு, தட்டையாக விரித்துக் காயவை. இதற்கெல்லாம் பிறகும் துணுக்குகள் மிஞ்சினால் ஸ்டூல் கால்களுக்கு சாக்ஸ் போட்டுவிடு, கீழ்வீட்டுக்காரர் ராத்திரி சத்தம் என்று சொன்னதாகச் சொன்னாயே, அவரும் சந்தோஷப்படுவார்.

அந்த மெரூன் கண்டை மட்டும் தொடாதே. அப்பா ஸ்வெட்டருக்கு அதே நூல்தான், முழங்கை தேய்ந்துவிட்டது, இங்கே அந்த நிறம் கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வரும்போது மறக்காமல் பையில் போட்டுக் கொண்டு வா.

அம்மா