வாடை எப்போது வருகிறது என்று பார்

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்ற இடத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே எனக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. கண்ணாடி இல்லாமலே உன் கையெழுத்தைப் படிக்க முடிகிறது.

ஆனால் கடைசியில், "காருக்குள் கொஞ்ச நாளாகப் பெட்ரோல் வாடை, பழகிவிட்டது" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. மூக்கு சீக்கிரம் மரத்துப்போகும் ராகவா. உனக்கு வாடை குறைந்துவிட்டதால் கசிவு குறைந்துவிட்டது என்று ஆகாது. அந்தக் காரில் ஏறாத யாரையாவது கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். கலைந்துபோகாமல் தாழ்வான இடத்தில் தங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்திருந்தாலே தீப்பிடிக்க ஒரு பொறி போதும். எங்கே கசிகிறது என்று தெரியும்வரை மூடிய ஷெட்டில் வண்டியை நிறுத்தாதே, குழந்தையை அதில் ஏற்றாதே. வண்டிக்கு அடியில் சொட்டு விழுந்திருந்தால் ஸ்டார்ட்டே செய்யாதே, மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்.

மெக்கானிக்கிடம் பேசுவதற்கு முன்னால், வாடை எப்போது வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது என்று கவனித்து எழுதி வை. வெறுமனே "வாடை வருகிறது" என்று சொல்லி வண்டியை விட்டால், ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பார்கள். பணமும் போகும், வாடையும் போகாது.

டேங்கை நிரப்பியவுடன் அடித்து, பாதி தீர்ந்ததும் நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் டேங்கின் மேல்பக்கத்தைப் பார்க்க வேண்டும். என் பழைய வண்டியில் இதுதான் நடந்தது. பல கார்களில் பின்சீட்டைத் தூக்கினால் ஒரு மூடி இருக்கும், அதற்கு அடியில் பெட்ரோல் பம்ப். பம்ப்பைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துவிட்டால், டேங்க் நிறைந்திருக்கும்போது மேட்டில் ஏறினாலும் வளைவில் திரும்பினாலும் அந்த வழியாகப் பெட்ரோல் கசியும். என் வண்டியில் மூடியைக் கழற்றியதும், பம்ப்பைச் சுற்றிப் படிந்திருந்த தூசி ஈரமாகிக் கறுத்துக் கிடந்தது. புது வளையம் போட்டு இறுக்கியதும் வாடை போயிற்று. பெட்ரோல் ஊற்றுகிற குழாய் துருப்பிடித்தாலும், டேங்க் மூடியின் வாஷர் வெடித்தாலும் இதே கதைதான். டேங்க் மூடியை நீயே பார்த்துவிடலாம், அதிலிருந்து ஆரம்பி.

அப்புறம் ஒன்று. பெட்ரோல் பங்க்கில் குழாய் தானாக நின்ற பிறகும் "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று சொல்கிற பழக்கம் உனக்கு உண்டு. அதை விட்டுவிடு. டேங்கிலிருந்து எழுகிற ஆவியைப் பிடித்துவைக்கக் கரி நிரப்பிய ஒரு டப்பா இருக்கிறது, கேனிஸ்டர் என்பார்கள். இன்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து, அந்த ஆவியை எரிப்பதற்கு இன்ஜினுக்கே அனுப்பும். ஆவிக்கென்று செய்த டப்பாவுக்குள் பெட்ரோலே போனால் கரி நனைந்து வீணாகிவிடும். பர்ஜ் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால், பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனரில் என்ன குறியீடு வருகிறது என்று கேள். பி0442 என்றால் இந்த ஆவி வழியில் சின்னக் கசிவு, பி0455 என்றால் பெரியது. கண்ணில் படாத ஓட்டையைக்கூடப் புகை செலுத்திப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். பாகங்களை மாற்ற ஒப்புக்கொள்வதற்கு முன் அந்தச் சோதனையைச் செய்யச் சொல்.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் முன்பக்கம் அடித்து, வண்டி சூடானதும் மறைகிறது என்றால் இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர்களின் ஓரிங்குகள், அதாவது ரப்பர் வளையங்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம். குளிரில் சுருங்குகிற பழைய ரப்பர், சூட்டில் விரிந்து மறுபடி அடைத்துக்கொள்ளும். காருக்குள் காற்று எடுக்கும் வழி முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட்டை ஒட்டியே இருக்கிறது. அதனால் இன்ஜின் பக்கம் கொஞ்சம் கசிந்தாலும் ஃபேனைப் போட்டதும் உள்ளே வந்துவிடும்.

சைலன்சர் பக்கம்தான் அடிக்கிறது, கரும்புகை வருகிறது, மைலேஜும் குறைந்துவிட்டது என்றால் அது பெரும்பாலும் கசிவு இல்லை. பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது. இன்ஜின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சர் கெட்டு, இன்ஜின் குளிர்ந்தே இருப்பதாகக் காட்டினால் தேவைக்கு மேல் பெட்ரோல் போகும். பிளக் சரியாகத் தீப்பொறி போடாவிட்டாலும் இப்படி ஆகும். அப்போது ஆயில் குச்சியை உருவி மோந்து பார். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் ஓட்டாதே. நீர்த்துப்போன ஆயிலில் பேரிங்குகள் தேய்ந்துவிடும். கோளாறைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றிய பிறகு எடு.

பார்ப்பதோடு நிறுத்திக்கொள், குழாய் எதையும் நீயாகக் கழற்றாதே. சாதாரண இன்ஜெக்‌ஷன் வண்டியிலேயே குழாயில் 3, 4 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் இருக்கும், இன்ஜினை அணைத்த பிறகும் அது உடனே இறங்காது. நேரடி இன்ஜெக்‌ஷன் என்றால், அதாவது பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கிற வகை என்றால், 200 பாரைத் தாண்டியும் போகும். தெரிந்தவர் கையில் விடு. ஹோஸ் மாற்றினால் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனுக்கென்று செய்ததையே போடச் சொல். டேப் சுற்றுகிறேன், பசை வைத்து அடைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை அங்கே விடாதே. வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி, ராத்திரி முழுக்க வெளியே நிறுத்தி, காலையில் வேறு யாரையாவது மோந்து பார்க்கச் சொல்.

எங்கே கசிந்தது என்று உடனே எழுது. அதுவரை எனக்கு நிம்மதி இருக்காது.

உன்,
சேகர்